வெண்டலின் இரண்டாவது ஓட்டை

லானெட்டின் விரல்களைத்தான் முதலில் பார்த்தேன், முகத்தை அப்புறம்தான். வலது கையில் மூன்று விரல்களைச் சேர்த்து, ஐஸ் மிட்டாய்க் குச்சி ஒன்றை அணை கொடுத்து, வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் கட்டியிருந்தாள். அந்தக் கையாலேயே கார் சாவியை என் மேசை மேல் வைத்தாள்.

எப்படி ஆயிற்று என்று கேட்டேன். கார்க் கதவு என்றாள்.

கிழக்கு மான்டானாவில் கார்க் கதவுக்கும் தொழுவத்துக் கதவுக்கும் உள்ள கெட்ட பெயரை நான் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் பாதிப் பழி கதவுகளுடையது அல்ல. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, ஜாடியிலிருந்து அவளுக்குக் காபி ஊற்றினேன். காலை ஏழு மணிக்கு அடுப்புத் தட்டில் ஏற்றினால் மாலை ஐந்துக்குத்தான் என் காபி ஜாடி இறங்கும்.

அது ஒரு ஜனவரி மாதத்துப் புதன்கிழமை. கார்களுக்கு ரேடியோ மாட்டுவதுதான் எங்கள் கடையின் வேலை. என் கணவர் போன பிறகு நான் முன்னால் உட்கார்ந்து சீட்டு எழுதுவேன். பின்னால் கொட்டகையில் வெண்டல் வேலை செய்வான். ஊரைத் தாண்டி இருபது மைல் போனால் சாதாரண ரேடியோவில் கன்றுக்குட்டி விலையும் ஒரு பிரசங்கியாரும்தான் கிடைப்பார்கள். இன்னும் பத்து மைல் போனால் பிரசங்கியாரும் கைவிட்டுவிடுவார். அதனால் அந்த வருடம் எல்லோருக்கும் சாட்டிலைட் ரேடியோ வேண்டியிருந்தது. பாதிப் பேர் தாங்களே மாட்டிப் பார்த்துக் கெடுத்துவிட்டு எங்களிடம் வருவார்கள்.

லானெட்டின் ப்யூக் காரும் அப்படித்தான் வந்தது. டேஷ்போர்டின் முன்பலகை விரிசல் விட்டு, ரேடியோ தன் வயரிலேயே தூக்குப் போட்டுக்கொண்டு தொங்கியது. இருக்கையில் ரத்தக் கறை இருந்தது.

வெண்டல் காரைக் கொட்டகைக்குள் கொண்டுபோன பிறகு, அவள் கோப்பையைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அந்த ரேடியோ அவள் கணவன் ராய்ஸ் கொடுத்த பிறந்த நாள் பரிசாம். பதினேழு வருடத்தில் முதல் பரிசு. எண்ணெய் மாற்றக்கூட ஆள் தேடுகிற மனுஷன், இதை மட்டும் நானே மாட்டுவேன் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கார் கொட்டகையில் இருந்திருக்கிறான். உள்ளே வராதே என்று சொன்னானாம். குளிரில் கிடக்கிறானே என்று இவள் காபி கொண்டுபோயிருக்கிறாள்.

“முன்னால சாமான் வைக்கற பெட்டிய முழுசா இறக்கி வச்சிருந்தாரு. நான் குனிஞ்சு பாத்தேன், அவ்வளவுதான். காபிய கீழ வைன்னாரு. வச்சேன். கைய இங்க வைன்னு கதவு இடுக்கக் காட்டினாரு. வச்சேன்.”

“வச்சியா?”

“வைக்காட்டி இன்னும் மோசமாகும், அம்மா.”

திங்கட்கிழமை விடியும் முன்பே ராய்ஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். வியாழன் இரவு வருவான். வந்து பார்க்கும்போது ரேடியோ தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் தனக்குத்தான் விழும் என்று பயந்து, அவனிடம் கேட்காமலே காரை எங்களிடம் கொண்டுவந்திருந்தாள்.

இங்கே வெண்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி மூன்று அங்குலம், ஒரு காது மந்தம், கை மட்டும் தையல்காரன் கை. ஆனால் ஊர் அவனை நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு ஓட்டைக்காக. அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன் பாஸ்டர் காரில் ரேடியோ மாட்டும்போது ட்ரில் கொஞ்சம் ஆழமாகப் போய், ஹீட்டர் குழாயில் இறங்கிவிட்டது. பாஸ்டர் அதிலிருந்து கொட்டிய பச்சைத் தண்ணீரில் நனைந்த கால்சட்டையோடு ஒரு சாவுக்கு ஜெபம் பண்ணினார். அன்றிலிருந்து யார் எதைக் கெடுத்தாலும் எங்கள் ஊரில் அது ‘வெண்டல் ஓட்டை’. அன்றிலிருந்து அவனும் ட்ரில் ஊசியில் கால் அங்குலம் விட்டு மேலே டேப் சுற்றாமல் எந்தக் காரையும் தொட்டதில்லை. டேப் பலகையில் முட்டினால் கை நின்றுவிடும்.

இன்னொரு வழக்கமும் எங்கள் கடைக்கு உண்டு. டேஷ்போர்டைக் கழற்றும்போது உள்ளே கிடைப்பதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டில் எழுதி, சாவி கொடுத்தவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். சில்லறை, சீப்பு, பிள்ளைகளின் பால் பல் என்று எது கிடைத்தாலும். ஒருமுறை வேறொரு பெண்ணின் கம்மல் கிடைத்து, அதையும் மனைவி கையில் கொடுத்து, ஒரு குடும்பமே இரண்டானது. அப்போதும் வழக்கத்தை மாற்றவில்லை.

வெண்டல் பையோடு வந்தான். அதில் ஒரு பென்சிலும் ஒரு சாவிக் கொத்தும் இருந்தன. சீட்டில் மூன்று என்று எழுதியிருந்தான்.

“மூணாவது எங்கடா?” என்றேன்.

“அதப் பிடுங்கல, முதலாளியம்மா. அவங்க வந்து பாக்கட்டும்.”

ஆன்டெனா வயர் கார்க் கூரையிலிருந்து இறங்கி, கதவு ரப்பருக்குள் நுழைந்து, அந்தச் சாமான் பெட்டிக்குப் பின்னால்தான் ரேடியோவுக்கு வர வேண்டும். முறையாக மாட்டுகிறவன் அங்கே கை விடாமல் இருக்க முடியாது. ராய்ஸுக்கு அது தெரியாது. பெட்டிக்குப் பின்னால், பலகையின் உள்பக்கத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு வயர் ஃபியூஸ் பெட்டிக்குப் போனது. லாரிக் கம்பெனிக்காரர்களுக்கு அதே போல் பத்துப் பன்னிரண்டு மாட்டியிருக்கிறான் வெண்டல்.

“வண்டி எங்க போச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சு, எல்லாத்தையும் இது எழுதி வச்சுக்கும்மா,” என்றான் லானெட்டிடம். “கழட்டி கம்ப்யூட்டர்ல சொருகினா ரோடு ரோடா காட்டும்.”

“எப்பருந்து இருக்கு?”

“பசை புதுசு. ஞாயித்துக்கிழமை.”

அவள் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டகோட்டா எல்லைக்கு அப்பால் ஓர் ஊருக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். ஊர்ப் பெயரை நான் இப்போதும் எழுதமாட்டேன். அங்கே ஒரு விதவையின் வீட்டு மாடியில் ஓர் அறை பேசி வைத்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமைதான் அது காலியாகும். அன்றைக்கு ராய்ஸும் பத்து நாள் வேலைக்குப் போவான். அந்தப் பத்து நாளில் மறைந்துவிடுவதாக இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை தங்கை வீட்டுக்கு ஓடியவளை ராய்ஸ் மூன்று மணி நேரத்தில் கண்டுபிடித்துத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தான். குறுக்கே நின்ற தங்கை புருஷனுக்கு ஒரு கண் போனது.

“அப்ப நான் செத்தேன்,” என்றாள். மளிகை வாங்க மறந்துவிட்டேன் என்பது போலச் சொன்னாள்.

பிடுங்கி ஆற்றில் போட்டுவிடலாமே என்றேன். அது இல்லை என்றாலே தான் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும் என்றாள். அப்படியே விட்டால் வியாழன் இரவே படித்துவிடுவான். இரண்டில் எதைச் செய்தாலும் அவள் முடிந்தாள்.

வெண்டல் கருவிப் பெட்டிப் பக்கம் போனான். ட்ரில்லை எடுத்தான். ஊசியில் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் கிளறிப் பிரித்து, உருட்டிக் கீழே போட்டான்.

“என்னடா பண்ற?”

“ரேடியோவுக்குப் பிடிமானம் வைக்க வேணாமா? அதுக்கு ரெண்டு திருகாணி வேணும்.” பலகையில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்த இடத்துக்கு நேர் முன்னால் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தான். “ஊருக்கே தெரியும் என் கை லட்சணம்.”

ட்ரில் பலகையைத் தாண்டி, பெட்டியையும் தாண்டிப் போகும் சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பில் போவது போல இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டான். உள்ளே கணக்கு எழுதி வைத்திருக்கிற சில்லு சாக வேண்டுமே. அப்புறம் பிடிமானத்தை வைத்து நீளத் திருகாணி இரண்டைப் பெட்டிக்குள்ளேயே முறுக்கினான். ரேடியோ பாடியது. யாரோ ஒருத்தன் கிதாரோடு அழுதான்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றான் லானெட்டிடம். “கடையில கொடுத்தீங்க, மாட்டிக் கொடுத்தாங்க. அடி விழுந்தா எனக்கு விழட்டும். என் உடம்பு பெருசு.”

சனிக்கிழமை காலை ராய்ஸ் வந்தான்.

அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. அந்த மாதிரி நாளில் எங்கள் ஊரில் யாரும் எஞ்சினை நிறுத்தமாட்டார்கள். தபால் ஆபீஸ் வாசலில், சர்ச் வாசலில், பேங்க் வாசலில், ஆள் இல்லாத கார்கள் சாவியோடு புகை விட்டுக்கொண்டு நிற்கும். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. ப்யூக்கையும் ராய்ஸ் அப்படித்தான் கடை ஜன்னல் கண்ணாடிக்கு நேர் வெளியே ஓடவிட்டு நிறுத்தினான். பக்கத்து இருக்கையில் லானெட் இருந்தாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அவன் உள்ளே வரும்போதே கையில் வீல் ஸ்பானர் இருந்தது. இன்னொரு கையிலிருந்ததை என் மேசையில் எறிந்தான். அந்தக் கறுப்புப் பெட்டி. திருகாணிகள் இன்னும் அதில் குத்தியபடி இருந்தன.

“எவன் போட்டான் இந்த ஓட்டைய?”

இது என்ன சாமான் என்று கேட்டேன். அவன் வாயைத் திறந்து மூடினான். புகார் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எங்களால் கெட்டது எது என்று சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஸ்பானர் இறங்கியது. மேசைக் கண்ணாடி என் முழங்கைக்குக் கீழே தூளானது.

“எழுது, கிழவி,” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனான்.

வெண்டல் ஒரு பண்ணைக்காரரின் பிக்கப் வண்டிக்குள் தலையைக் கொடுத்து மல்லாந்து கிடந்தான். கால்கள் மட்டும் வெளியே. காது மந்தம், சத்தம் கேட்டிருக்காது. ராய்ஸ் அவன் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். தலை கதவுப் படியில் மோதிக் கீழே விழுந்தது. எழுந்திருக்கும் முன்பே ஸ்பானர் முழங்காலில் இறங்கியது. காய்ந்த கிளை ஒடிகிற சத்தம். வெண்டல் கத்தவில்லை, மூச்சைத்தான் உள்ளே இழுத்தான்.

“யார் சொல்லி அங்க ஓட்டை போட்ட?”

“யாரும் சொல்லல. கை வழுக்கிருச்சு.”

அடுத்தது விலாவில்.

“அவ என்ன சொன்னா உங்கிட்ட?”

“காபி நல்லா இல்லன்னாங்க.”

அடுத்தது வாயில். பல் ஒன்று என் காலடி வரை உருண்டு வந்தது.

நான் கொட்டகை வாசற்படியில் நின்றேன். உதவிக்கு ஓடியிருக்க வேண்டும், போனை எடுத்திருக்க வேண்டும். ஆனால் ராய்ஸ் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தான். லானெட்டின் உயிர் என் வாயில் இருந்தது. ஆகவே அடி வாங்கிக் கிடந்தவனைத் திட்டத் தொடங்கினேன்.

“நல்லா வேணும் உனக்கு. டேப்பச் சுத்துடா, டேப்பச் சுத்துடான்னு பதினஞ்சு வருஷமா கத்தறேன். பாஸ்டர் கால வேக வச்ச. இப்ப இவரு சாமானு. நாளைக்கு யாரு வண்டியில பெட்ரோல் டாங்க்ல போடுவ?”

வெண்டல் ரத்தத்தைத் துப்பிவிட்டு, மன்னிச்சிருங்க முதலாளியம்மா என்றான். முழுக் கழுதை மாதிரியே சொன்னான்.

ராய்ஸின் தோள் தளர்ந்தது. ஒரு சிரிப்புகூட வந்தது. “வெண்டல் ஓட்டை,” என்றான். “எனக்குமா.” ஸ்பானரைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கடந்து வாசலை நோக்கித் திரும்பினான். நம்பிவிட்டான். திங்கள் வரை தாங்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கண்ணாடி வழியே லானெட்டைப் பார்த்தேன். அவள் திங்கள் வரை காத்திருக்கப் போவதில்லை. இருக்கை விட்டு இருக்கை தாவிக்கொண்டிருந்தாள். தடித்த கோட் கியர்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. கட்டுப் போட்ட கையால் அதை விடுவிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் வேண்டும். ராய்ஸுக்கு வாசல் எட்டு அடி.

வெண்டல் கிடந்த இடத்திலிருந்து ஜன்னல் தெரியாது. என் முகம் மட்டும் தெரிந்தது. அதில் என்ன படித்தானோ.

“ராய்ஸு,” என்றான். “அது என்ன பெட்டின்னு எனக்குத் தெரியும்.”

ராய்ஸ் நின்றான்.

“தெரிஞ்சுதான் குத்தினேன். ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு தரம் குத்தினேன். எங்கப்பன் மாட்டுக்குத்தான் மணி கட்டுவான், பொண்டாட்டிக்கு இல்ல. நீ ஆம்பளயா, ராய்ஸு? இங்க வந்து சொல்லு.”

ராய்ஸ் திரும்பிப் போனான். நான் ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவே நகர்ந்து நின்றுகொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவன் வெண்டலின் வலது கையைப் பிடித்து இழுத்து, பிக்கப்பின் கதவு இடுக்கில் வைத்து, அறைந்து சாத்தினான். அந்தக் கை தையல்காரன் கை என்று சொன்னேனே. திறந்து மறுபடி சாத்தினான். வெண்டல் இப்போது கத்தினான். வார்த்தையாகவே கத்தினான், இன்னும் போடு, இன்னும் போடு என்று. மூன்றாவது முறை சாத்தும்போது கதவே முழுதாக மூடியது. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். கண்ணை மூடவில்லை.

நாலாவதுக்குத் திறக்கும்போது பனியில் டயர் அரைபடும் சத்தம் கேட்டது. ரேடியோவில் பாடிய கிதார்க்காரன் குரல் தெருவில் விலகிப் போனது.

ராய்ஸ் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கார் நின்ற இடத்தில் பனி உருகி ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் இருந்தது. வடக்கே போனாளா, தெற்கே போனாளா, சொல்ல ஒரு பெட்டியும் இல்லை. அவன் திரும்பி வந்தான். என் மேசைக்குப் பின்னால் சுவரில் வாடிக்கையாளர்களின் சாவிகள் வரிசையாகத் தொங்கும். பிக்கப்பின் சாவிக்காக உடைந்த கண்ணாடி மேல் குனிந்து கையை நீட்டினான்.

காபி ஜாடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. காலையிலிருந்து கொதித்துத் தார் போல ஆகியிருந்தது. அவன் முகத்தில் முழுதையும் ஊற்றினேன். கையை முகத்துக்குக் கொண்டுபோனான். அந்தக் கைகளின் மேலேயே ஜாடியை உடைத்தேன். பிடி மட்டும் என்னிடம் நின்றது. அவன் மண்டியிட்டான். கீழே விழுந்த ஸ்பானரை எடுத்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு. ஒரு முறைதான் முடியும் என்று தெரியும். தலையைப் பார்த்தேன், அப்புறம் கணுக்காலைப் பார்த்தேன். கணுக்கால்தான் ஓடும் என்று அதில் போட்டேன்.

நான் போன் பண்ணி, ஷெரிஃபின் போலீஸ் ஆட்கள் வரப் பதினோரு நிமிடம் ஆனது. அதுவரை அவன் தரையில் புரண்டு, அவளைக் கண்டுபிடித்தால் என்னென்ன செய்வான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வெண்டலின் கையை என் ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராய்ஸுக்கு நான்கு வருடம் கொடுத்தார்கள். கோர்ட்டில், தெரிந்தே குத்தியதாக நீ சொன்னாயா என்று வக்கீல் கேட்டபோது, அடி தாங்காமல் உளறினேன், கை வழுக்கியதுதான் உண்மை என்றான் வெண்டல். உண்மையைச் சொன்னால், அவள் எங்கே போக இருந்தாள் என்று அடுத்த கேள்வி வரும். நீதிபதி கூடச் சிரித்தார். இப்போது ஊரில் ‘வெண்டலின் ரெண்டாவது ஓட்டை’ என்று ஒன்று உண்டு. சலூனில் யாராவது அதைச் சொன்னால் அவனும் சேர்ந்து சிரிப்பான், கோப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டு. வலது கையில் இரண்டு விரல்தான் மடங்கும். போன வருடம் ராய்ஸ் ஈரல் கெட்டு மண்ணுக்குள் போனான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லானெட் போன அதே வருடம் ஏப்ரலில் ஒரு போன் வந்தது. பெண் குரல். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் காற்று பலமாக அடித்தது.

“வண்டிக் கூரை மேல இருக்கற ஆன்டெனா காத்துல நழுவுது. பாட்டு விட்டு விட்டு வருது. எங்க ஒட்டணும்?”

கொட்டகைப் பக்கம் திரும்பி, வெண்டலின் நல்ல காதுக்குக் கேட்கும்படி அதையே சொன்னேன். அவன் கையிலிருந்த துணியை வைத்தான். யார் என்று கேட்கவில்லை.

“நடுக் கூரையில,” என்றான். “ஓரத்துலருந்து ஒரு சாண் தள்ளி. அடியில அழுக்கு இருந்தா காந்தம் பிடிக்காது, நல்லாத் துடைக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். துடைக்கிறேன் என்றாள்.